வாளியில் நின்ற தென்னைகள்

ஓய்வு பெற்ற அன்று ஆசுபத்திரியில் எனக்கு ஒரு சுவர் மணிக்கூடும் நிறையப் புத்திமதியும் தந்தார்கள். மணிக்கூடு இன்னும் ஓடுகிறது. புத்திமதியை நான் கேட்கவில்லை. கையில் வருகிற காசை வங்கியில் போட்டுவிட்டு வட்டியை எடுத்துச் சாப்பிடுங்கோ மிஸ்ஸி என்பதுதான் அது. எங்கள் பக்கத்தில் தாதிமாரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை விட்டாலும் அந்தப் பெயர் விடாது. வேலையில் பழகிய அதட்டலும் விடாது என்று என் தம்பி சொல்லுவான்.

நான் இருப்பது வவுனியாவில். ஆனால் மாங்குளம் சந்தியிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற றோட்டில், கொஞ்சம் உள்ளுக்கு, அப்பாவின் வளவு கிடந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர் அவர். சண்டையில் வீடு போய்விட்டது. அத்திவாரமும் கிணறும்தான் மிச்சம். அந்த அத்திவாரத்தின் மேல் ஒரு வீடு கட்டி வாடகைக்கு விட்டால் என்ன என்று எனக்குள் ஓர் எண்ணம் வந்தது. மாங்குளத்துக்கு மாற்றலாகி வருகிற ஆசிரியர்கள், வங்கிக்காரர், றோட்டுப் போடுகிறவர்கள் எல்லாரும் வீடு தேடி அலைகிறார்கள். வாடகை பென்சனோடு சேர்ந்து வந்துகொண்டிருக்கும், அப்பாவின் வளவிலும் விளக்கு எரியும். நல்ல யோசனை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அது ஆளை இவ்வளவுக்குச் சாப்பிடும் என்றுதான் அப்போது தெரியாது.

தம்பி வவுனியாவில் ஒரு சட்டத்தரணியிடம் கிளாக்கர். எதைச் சொன்னாலும் அதிலே ஒரு வழக்கைக் காண்கிற கண் அவனுக்கு. நான் கட்டப்போகிற வீட்டுப் படத்தைக் காட்டினேன். அவன் படத்தைப் பார்க்கவே இல்லை.

"அக்கா, இது உறுதிக் காணியில்ல, பெமிற் காணி. விளங்குதோ?"

"விளங்குது. என்ர பேரிலதானே இருக்கு."

"பேர் உன்ர. ஆனா அரசாங்கம் அதைத் தந்தது நீ இருக்கவும் பயிர் செய்யவும். நினைச்ச மாதிரி விக்கேலாது, வாடகைக்கு விடேலாது. எழுத்தில அனுமதி வேணும். நீ வவுனியாவில இருந்துகொண்டு அங்க வேற ஆக்களை விட்டா, ஒருநாள் விசாரணை வரும். கடுதாசியில நீ நிப்பாய், காணியில அவை நிப்பினம்."

பிறகு அவன் சொன்னதுதான் முக்கியம். அப்படி விசாரணைக்கு வருகிறவர்கள் வீட்டைவிட மரத்தைத்தான் பார்ப்பார்களாம். எங்கள் பக்கத்தில் வீடு பலமுறை அழிந்து பலமுறை எழும்பியிருக்கிறது. கடுதாசி எரிந்திருக்கிறது, வேலி போயிருக்கிறது. நின்றது மரம் மட்டும்தான். மீளக் குடியேறிய காலத்தில் சனம் தங்கள் வளவைக் கண்டுபிடித்ததே பலாவையும் தென்னையையும் வைத்துத்தான். அதனால் எங்கள் வன்னியில் ஒரு காணியில் யார் தென்னை வைத்தார்களோ அவர்களுக்கு அதில் ஒரு பேச்சு உண்டு. வாடகைக்கு இருக்கிறவன் கத்தரி வைக்கலாம், மிளகாய் வைக்கலாம். தென்னை வைத்தான் என்றால் அவன் போகிற எண்ணத்தில் இல்லை என்று அர்த்தம்.

"மரம் வைக்க மட்டும் விட்டிராதை" என்றான் தம்பி. ஆசுபத்திரியில் கை கழுவச் சொல்லுகிற மாதிரிச் சொன்னான்.

அனுமதிக்கு நடந்தேன். பிரதேச செயலகத்துப் படியில் எத்தனை தரம் ஏறினேன் என்று கேட்காதீர்கள். ஒரு சோடிச் செருப்பு அதற்கென்றே தேய்ந்தது. கடைசியில் வீட்டின் ஒரு பகுதியை மட்டும் வாடகைக்கு விடலாம் என்று எழுத்தில் கிடைத்தது. வீடு எழும்பியதும் மறு பகுதியில் ஓர் அறையை நான் எனக்கென்று வைத்துக்கொண்டேன். ஒரு கட்டில், ஒரு கதிரை, ஒரு சின்ன அலுமாரி. பௌர்ணமிக்கு வருகிற போயா லீவுகளில் போய், கூட்டித் துடைத்து, குசினியில் ஒரு புட்டு அவித்துச் சாப்பிட்டுவிட்டு வருவேன். நான் அங்கே இருக்கிற ஆள்தான் என்று ஊருக்கும் மண்ணுக்கும் காட்டுவதற்கு.

முதலில் வந்தவர்கள் றோட்டு வேலைக்காரர், ஒரு கூட்டமாக. நல்ல பெடியள்தான். ஆனால் ஒரு வீட்டில் எத்தனை பேர் என்று நான் கேட்ட கேள்விக்கு ஒவ்வொரு தரமும் வேறு பதில் வந்தது. மலக்குழி நிரம்பியது. கறண்ட் பில் என் பெயருக்கு வந்து, கட்டாமல் கிடந்து, சிவப்பு நோட்டீசும் என் பெயருக்கே வந்தது. வேலை முடிந்து அவர்கள் போனபோது கிணற்று மோட்டரும் அவர்களோடு போய்விட்டது.

அடுத்தவர் ஒரு கந்தோர் உத்தியோகத்தர். கழுத்துப் பட்டி கட்டின ஆள், கதை தேன். என்னிடம் கேளாமலே முன் திண்ணைக் குந்துக்கு மாபிள் பதித்தார், முன்னுக்கு மதில் கட்டினார். நான் பார்த்துப் பார்த்துப் பெருமைப்பட்டேன். பிறகு வாடகை நின்றது. கேட்கப் போனால், "மிஸ்ஸி, உங்கட வீட்டுக்கு நான் செய்த வேலைக்கு நீங்கள் எனக்கல்லோ தரவேணும்" என்றார். சட்டத்திலும் அதற்கு ஒரு முனை இருக்கிறதாம். ஒரு வீட்டைத் திருத்தியவன் அந்தத் திருத்தத்துக்கு நட்டஈடு கேட்கலாம். தருமட்டும் எழும்பாமலும் இருக்கலாம். தம்பியின் முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தை நான் அவனுடைய கலியாணத்தன்றும் காணவில்லை. நோட்டீசு அனுப்பினான், இணக்க சபைக்கு இழுத்தான், கடைசியில் அந்த மனிதருக்கு மாற்றல் வந்ததால்தான் வீடு எனக்கு மீண்டது. மாபிளைக் கழற்றிக்கொண்டுதான் போனார். குந்து இன்றைக்கும் பல்லுப்போன வாய் போலத்தான் கிடக்கிறது.

அதற்குப் பிறகு நான் ஆளை எடுக்கிற விதமே மாறிவிட்டது. வருகிறவர்களை வார்ட்டில் புது நோயாளியைப் பார்க்கிற மாதிரிப் பார்க்கத் தொடங்கினேன். முதலில் நிறம், பிறகு நடை, பிறகுதான் பேச்சு.

அப்படி ஒரு நாளில்தான் அந்தச் சோடி வந்தது. புருசன் மோட்டார் சைக்கிளில் உடுப்புக் கட்டிக்கொண்டு கனகராயன்குளத்திலிருந்து பளை வரைக்கும் ஊர் ஊராய் விற்கிறவர். கதை குறைவு. பெண்சாதி முப்பதைத் தாண்டியவள், முக்காடு போட்ட முகம், நேரே கண்ணைப் பார்க்கிற பார்வை. முல்லைத்தீவுப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை வடக்கிலிருந்து வெளியேற்றியபோது அவள் கைக்குழந்தையாம். புத்தளத்தில் வளர்ந்து, கலியாணம் கட்டி, சண்டை முடிந்து வாப்பாவின் காணியைத் தேடித் திரும்பி வந்திருக்கிறாள். வாப்பா திரும்பி வரவில்லை, புத்தளத்திலேயே மௌத்தாகிவிட்டார். உறுதிப் பத்திரம் தொலைந்துபோன காணி. காடு மூடிக் கிடக்கிறது. எல்லை எது என்று தெரியாது. அதற்கு வேறு ஆட்களும் உரிமை கேட்கிறார்கள். விசாரணை நடக்கிறது. அது முடியும் மட்டும் ஒரு கூரை வேண்டும்.

நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சட்டதிட்டங்களைச் சொன்னேன். சுவரில் ஆணி கூடாது. ஆடு கூடாது. கறண்ட் பில்லைக் கட்டிவிட்டு எனக்குக் காட்ட வேண்டும். பிறகு கடைசியாக:

"கத்தரி, வெண்டி, மிளகாய், என்ன வேணுமெண்டாலும் வையுங்கோ. வருசக்கணக்கில நிக்கிற மரம் வைக்கக் கூடாது. தென்னை, மா, பலா ஒண்டும் வேண்டாம்."

இதைக் கேட்டால் எல்லாரும் ஏன் என்று கேட்பார்கள். சிலருக்கு முகம் கறுக்கும். அவள் கேட்கவில்லை. சின்னதாய் ஒரு சிரிப்பு வந்து போனது.

"விளங்குது மிஸ்ஸி. வைக்க மாட்டன்."

வீட்டை அவள் வைத்திருந்த விதத்தைப் பற்றி நான் சொல்லத் தொடங்கினால் தம்பி எழும்பிப் போய்விடுவான். கேட்டுக் கேட்டு அவனுக்குக் காது புளித்துவிட்டது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். மாரி தொடங்குமுன் புருசனை ஏற்றி, குரங்கு கிளப்பிவிட்ட ஓடுகளைச் சரிப்படுத்திவிட்டுத்தான் எனக்குத் தொலைபேசி எடுப்பாள். கோடையில் கிணறு வற்றி வரும்போது, முதலில் எனக்குச் சொல்லி, நான் ஓம் என்ற பிறகே அயலுக்குத் தண்ணீர் விடுவாள். எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது அவளுடைய பை. வீட்டில் எது பழுதாகி மாற்றினாலும் பழையதை எறிய மாட்டாள். தேய்ந்த பைப் வாசர், எரிந்த பல்ப், கழன்ற கொண்டி, உடைந்த ஓட்டுத் துண்டு எல்லாம் ஒரு சீலைப் பைக்குள் போகும். நான் போயாவுக்குப் போனால் தேத்தண்ணீரோடு அந்தப் பையும் வரும்.

"இது என்னத்துக்கு எனக்கு?" என்று முதல் தரம் எரிந்து விழுந்தேன்.

"உங்கட வீட்டுச் சாமான் மிஸ்ஸி. எறியிறதெண்டா நீங்கதான் எறியவேணும்."

அதை வாங்கிக்கொண்டு போய் வவுனியாவில் எறிந்தேன். சிரிப்பாக இருந்தது. மாபிள் கழற்றின மனிதருக்கு அந்தப் பையை ஒருநாள் காட்ட வேண்டும் என்று மனதுக்குள் நினைத்துக்கொள்வேன்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் ஒரு நாள் காலமை முன்பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரர் தொலைபேசி எடுத்தார்.

"மிஸ்ஸி, ஒரு கதை. உங்கட வளவில வேலி ஓரமாத் தென்னம்பிள்ளை நிக்குது. வரிசையா. உங்களுக்குத் தெரியுமோ?"

தம்பிக்குச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். "நான் அப்பவே சொன்னனான்" என்பதை அவன் எத்தனை விதமாய்ச் சொல்ல முடியுமோ அத்தனை விதமாயும் சொன்னான். நல்லவர்கள்தான் கூட ஆபத்து, அவர்களை ஒருவரும் சந்தேகிப்பதில்லை என்று ஒரு தத்துவமும் சொன்னான். பஸ்ஸில் போகும்போது அவளுக்குச் சொல்ல வேண்டியதை நானும் வாய்க்குள் அடுக்கிக்கொண்டு போனேன். வார்ட்டில் ஒரு டொக்டரையே அழ வைத்த வாய் இது.

வளவுக்குள் கால் வைத்ததும் வேலி ஓரத்தைப் பார்த்தேன். உண்மைதான். தென்னம்பிள்ளைகள், முழங்காலளவு, இடுப்பளவு, வரிசையாக நின்றன. கிட்டப் போனேன். ஒன்றும் மண்ணில் இல்லை. எல்லாம் பழைய பெயின்ற் வாளிகளில் நின்றன. வாளிகளுக்குக் கீழே தகரம். முற்றத்து மண்ணுக்கும் வாளிக்கும் நடுவில், ஒரு வேரும் இறங்காதபடி, நீளமாய்த் தகரம் விரித்திருந்தாள். அதன்மேல் கல் அடுக்கி, கல்லின்மேல் வாளி.

அவள் குசினியிலிருந்து கை துடைத்துக்கொண்டு வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நான் ஏன் வந்தேன் என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

"வைக்கேல்ல மிஸ்ஸி" என்றாள். "வளர்க்கிறன்."

குனிந்து ஒரு வாளியைச் சரித்துப் பார்த்தேன். வாளியின் அடியில் துளை, துளைக்குள்ளால் எட்டிப் பார்க்கிற ஒரு வெள்ளை வேர், அதன் நுனி கத்தரித்திருந்தது.

"வெளிய வந்தா வெட்டி விடுவன்" என்றாள். "இல்லாட்டி அது உங்கட மண்ணைத் தொட்டிரும்."

அன்றைக்கு நான் என் அறைக்குப் போகவில்லை. அவளுடைய குசினி வாசலில் பலகையில் இருந்து தேத்தண்ணீர் குடித்தேன். அப்போதுதான் முழுக் கதையையும் சொன்னாள். விசாரணைக்காரர் காணியைக் காட்டச் சொல்லி, முதன்முதல் காட்டை வெட்டிக்கொண்டு உள்ளே போனபோது, ஒரு வீட்டின் அடையாளமும் இல்லையாம். மூடிக் கிடந்த ஒரு கிணறு. அதைச் சுற்றி யானை விட்டு வைத்த கொஞ்சத் தென்னைகள், கிழடு தட்டி, கோணி, ஆனால் காய்த்தபடி. கீழே முற்றிய தேங்காய் நெற்றுகள் விழுந்து கிடந்தன. விசாரணைக்கு வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வியே இந்த மரம் யார் வைத்தது என்பதுதானாம்.

"வாப்பா வைச்சது எண்டன். சாட்சி இருக்கோ எண்டு கேட்டினம். மரத்துக்கு வாய் இருந்தாச் சொல்லும் எண்டன்." என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேத்தண்ணீர் ஊற்றினாள். "அண்டைக்கு விழுந்து கிடந்த நெத்தைப் பொறுக்கிக்கொண்டு வந்தன். காணி கிடைச்சா அங்கேயே திருப்பி நடுவன் எண்டு நேத்திக்கடன் மாதிரி நினைச்சுக்கொண்டு."

"அப்ப நான் தென்னை வைக்கக் கூடாது எண்டு சொன்ன நேரம் ஏன் சிரிச்சனீர்?"

"எனக்குத் தெரியாததே மிஸ்ஸி? ஒரு மரத்தை வைச்சுத்தானே நானும் வழக்காடுறன்."

அதற்குப் பிறகு அந்த வாளிகள் என்னுடைய கவலையாகவும் ஆகிவிட்டன. தென்னை வாளியில் நிற்கிற மரம் அல்ல. கொஞ்சக் காலம் பொறுக்கும், பிறகு வேர் சுற்றிச் சுற்றித் தன்னையே நெரிக்கும், ஓலை மஞ்சளடிக்கும். விசாரணையோ ஒரு தவணையிலிருந்து அடுத்த தவணைக்குத் தள்ளிக்கொண்டே போனது. வரவேண்டியவர் லீவு, மற்றப் பக்கத்தார் வரவில்லை, மழை, நில அளவைக்காரர் வேறு இடத்தில். ஒவ்வொரு போயாவுக்கும் நான் போய் முதலில் பார்ப்பது வீட்டை அல்ல, ஓலையின் நிறத்தை. வவுனியாவிலிருந்து பஸ்ஸில் காய்ந்த சாணம் கட்டிக்கொண்டு போனேன். பக்கத்தில் இருந்த சனம் எழும்பி வேறு சீற்றுக்குப் போனது. உப்புப் போட்டால் தென்னைக்கு நல்லதென்று யாரோ சொல்ல, கல்லுப்பும் கொண்டு போனேன். தம்பி எனக்கு விசர் என்று முடிவே கட்டிவிட்டான்.

ஒரு போயாவன்று இரண்டு பிள்ளைகள் பட்டுப்போய் நின்றன. அவள் அவற்றைப் பிடுங்கி, வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். கண் சிவந்திருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"தங்கச்சி, காணும். மிச்சத்தை என்ர வளவிலேயே நடும். நான் சொல்லுறன். வேணுமெண்டா எழுதியும் தாறன். பிறகு காணி கிடைச்சாக் கிளப்பிக்கொண்டு போகலாம், இல்லாட்டி நிக்கட்டும்."

நான் இதைச் சொன்னேன் என்று தம்பிக்கு இன்றைக்கும் தெரியாது. சொல்லும்போதே எனக்குள் ஒரு பயம் இருந்தது, அதையும் மறைக்க வேண்டியதில்லை. அவள் கவிழ்த்த வாளியைப் பார்த்தாள். ஆசைப்பட்டாள் என்பது தெரிந்தது. பிறகு தலையை ஆட்டினாள்.

"வேணாம் மிஸ்ஸி. இஞ்ச நட்டா நான் இஞ்சத்த ஆளாப் போயிருவன். அங்க விசாரணையில, உமக்குத்தான் மாங்குளத்தில தென்னை நிக்குதே, பிறகென்ன எண்டு கேட்டா நான் என்ன சொல்லுறது?" பிறகு மெல்லச் சொன்னாள்: "உங்கட மகன் ஒருநாள் வந்து, இது ஆர் வைச்ச மரம் எண்டு கேட்டாலும் சரியில்ல. நீங்க இருக்கிறீங்க, நான் இருக்கிறன். எங்களுக்குப் பிறகு மரம்தானே நிக்கும்."

என் மகன் கொழும்பில் இருக்கிறான். அவனுக்குத் தென்னைக்கும் கமுகுக்கும் வித்தியாசம் தெரியாது. அவனுக்காகவும் இவள் யோசித்து வைத்திருக்கிறாள். வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் ஒப்பந்தத்தில் எத்தனையோ நிபந்தனை எழுதலாம். இப்படி ஒரு மனம் எந்த நிபந்தனைக்குள்ளும் வராது. மிஞ்சியவற்றைப் பெரிய யூரியாப் பைகளுக்கு மாற்றினோம். நானும் சேர்ந்து மண் அள்ளினேன். தகரத்தையும் பெரிதாக்கினாள்.

கடைசித் தவணைக்கு என்னையும் வரச் சொல்லிக் கடிதம் வந்தது. மற்றப் பக்கத்தார், இவளுக்கு மாங்குளத்தில் வீடு வளவு இருக்கிறது, முல்லைத்தீவுக் காணி தேவையில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். வாடகை ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு போனேன். என் காணியைக் காப்பாற்றத் தம்பி பயந்து பயந்து எழுதின ஒப்பந்தம் அது. அதுவே இப்போது அவளுக்கு மாங்குளத்தில் சொந்தக் காணி இல்லை என்று காட்டுகிற சாட்சியாக என் கைப்பைக்குள் கிடந்தது.

விசாரித்தவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைக் கேட்டார்.

"இவ உங்கட வளவில மரம் செடி ஏதும் வைச்சிருக்கிறாவோ?"

"கத்தரி வைச்சிருக்கிறா. மரம் ஒண்டும் இல்லை."

"நிச்சயமாத் தெரியுமோ?"

"நான் வைக்க விடேல்ல" என்றேன். "பிறகு கெஞ்சிக் கேட்டன். அப்பவும் வைக்கேல்ல."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஏதோ எழுதினார். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர்கள் போய்க் காணியைப் பார்த்தார்கள். கிணற்றுக் கட்டைத் தோண்டி, மரங்களை எண்ணி, வயது மதித்தார்கள். புத்தளத்திலிருந்து ஒரு வயதானவர் வந்து, வாப்பா அந்த மரங்களை வைத்ததைத் தான் கண்ணால் கண்டதாகச் சாட்சி சொன்னார். முழுதும் கிடைக்கவில்லை. பின்பக்கத்துத் துண்டுக்கு இன்னும் இழுபறிதான். ஆனால் கிணறும் அதைச் சுற்றி நின்ற அந்தக் கோணல் தென்னைகளும் அவளுக்கு என்று ஆயிற்று. எனக்கு அதைத் தொலைபேசியில் சொன்னபோது அவள் அழவில்லை. "மிஸ்ஸி, பைகளுக்குள்ள மிச்சம் நிக்கிறதெல்லாம் உயிரோட இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

போகிற நாளில் ஒரு சின்ன லொறி வந்தது. வீட்டுச் சாமான் கொஞ்சம், தென்னம்பிள்ளை கூட. சாவியையும் கடைசிக் கறண்ட் பில்லையும் அந்தச் சீலைப் பையையும் என் கையில் தந்தாள். பைக்குள் ஒரு பழைய பூட்டும் உடைந்த கதவுக் கைப்பிடியும் இருந்தன. லொறி போன பிறகு வேலி ஓரத்தைப் பார்த்தேன். தகரம் கிடந்த இடம் நீளமாய் வெளிறிக் கிடந்தது. ஒரு வேரும் இல்லை, புல்லும் இல்லை. மாபிள் கழற்றின குந்தையும் அந்த வெளிறின மண்ணையும் ஒரே வளவில் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வீட்டை வாடகைக்கு விட்டால் மனிதரை எவ்வளவுக்கு அறியலாம் என்று அப்போதுதான் தோன்றியது.

கொஞ்ச நாளில், நடப்போகிறோம், கட்டாயம் வர வேண்டும் என்று அழைப்பு வந்தது. மாங்குளத்திலிருந்து அதே றோட்டில் முல்லைத்தீவுப் பக்கம் பஸ் ஏறினேன். காடு வெட்டின வெளியில் ஒரு தகரக் கொட்டில், துப்புரவாக்கிய கிணறு, கிழட்டுத் தென்னைகள். அவற்றின் நிழல் விழாத பக்கமாய்க் குழிகள் வெட்டி, அடியில் சாம்பலும் உப்பும் போட்டு வைத்திருந்தார்கள். யூரியாப் பையைக் கத்தியால் கிழித்து, சுருண்டு கிடந்த வேரை அவள் கையால் மெல்லப் பிரித்து விட்டதைப் பார்க்க, பிள்ளையின் சிக்குப் பிடித்த தலையை வாரி இழுக்கிற மாதிரி இருந்தது. ஒவ்வொன்றுக்கும் பிஸ்மி சொல்லி இறக்கினாள். புருசன் மண் தள்ளினார். நான் கிணற்றுக் கட்டில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசிக் குழி மட்டும் மிஞ்சியது. கிணற்றுக்குக் கிட்ட, நல்ல இடம். அவள் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"ராத்தா, இதை நீங்க வைங்கோ."

அவள் என்னை மிஸ்ஸி என்றல்லாமல் வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தரம். அவர்கள் அக்காவை ராத்தா என்பார்கள். நான் எழும்பவில்லை. உறுதி இல்லாத காணி. வாப்பா வைத்த மரத்தைக் காட்டித்தான் இவ்வளவு காலம் வழக்காடி வாங்கியிருக்கிறாள். ஒரு மரம் என்றால் என்ன என்று இந்த வன்னியில் அவளை விட யாருக்குத் தெரியும்?

"விசரோ உமக்கு?" என்றேன். "பிறகு ஒருநாள் நான் வந்து, இது நான் வைச்ச மரம், எனக்கு இதில பங்கு இருக்கு எண்டு நிண்டா என்ன செய்வீர்?"

அவள் சிரித்தாள். சாவி வாங்கிய அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பு. தென்னம்பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் போனாள்.

"அப்பிடி வந்து நில்லுங்கோ எண்டுதானே தாறன்" என்றாள்.

நான் எழும்பிப் போய் அதை நட்டேன்.